எத்தன பவுண்டு?

"கட்டிங் போட்டுட்டு ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்"னு சொல்லிட்டு கெளம்பினா இப்பல்லாம் எங்க வீட்ல யாரும் நிமிந்து கூட பாக்கறதில்ல. ஆனா ஆரம்பத்துல ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மாமியார் ஊர்லேருந்து வந்திருந்த நேரம், பேக்க தோள்ல மாட்டிக்கிட்டு இதையே வாசல்ல நின்னு கத்தி சொல்லிட்டு போயிட்டேன். அவங்க மூஞ்சி போன போக்க என் வீட்டுக்காரி ரெண்டு வருஷமா நடிச்சு காட்டிட்டு இருக்கா. பேட்மிண்டன் ஆடுறவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல, நம்ம ஊர்ல ஸ்ட்ரிங்னு சொல்றவங்க கம்மி, எல்லாருக்கும் கட்ஸ் தான், அத மாத்துறது கட்டிங். ஒரு காலத்துல ஆட்டுக்குடல் மாட்டுக்குடல்லேருந்து நரம்பு திரிச்சு பேட்ல போட்டதால வந்த பேரு. இப்ப முழுக்க நைலான், ஆனா பேரு மட்டும் குடலாவே நின்னுருச்சு.

இத எழுதணும்னு தோணுனதுக்கு காரணம் அந்த கட்டிங் கடையில கேக்குற ஒரே ஒரு கேள்வி. மதுரையில எங்க ஏரியாவுல ஒரு பழைய கட்டடத்தோட மாடிப்படிக்கு அடியில அந்த கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், செவுத்துல ஆணி அடிச்சு முப்பது பேட் தொங்கும், எல்லாத்துலயும் பேரும் நம்பரும் எழுதின மாஸ்கிங் டேப். நீங்க பேட்ட நீட்டுனதும் அண்ணன் அத திருப்பி திருப்பி பாப்பாரு, ஃப்ரேம்ல கிராக் இருக்கான்னு விரல வச்சு தடவி பாப்பாரு, ஃப்ரேம் ஓட்டையில கட்ஸ் உரசாம இருக்க சொருகியிருக்குற குட்டி பிளாஸ்டிக் குழா, குரோமெட்னு பேரு, அது எங்கயாச்சும் பிஞ்சிருக்கான்னு பாப்பாரு (பிஞ்ச குரோமெட்டோட கட்ஸ் போட்டா ஓட்டையோட வெளிம்புல உரசி ரெண்டே வாரத்துல அறுந்துரும்), அப்புறம் கேப்பாரு. "எத்தன பவுண்டுண்ணே?" கட்ஸ எவ்ளோ டைட்டா இழுத்து கட்டணும்னு அர்த்தம், அவ்ளோதான். பொண்ணு பாக்க போன வீட்ல சம்பளம் கேக்குற மாதிரி எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். ஏன்னா கடையில நான் மட்டும் இருக்க மாட்டேன், பின்னாடி நாலு பேரு நிப்பாங்க, அதுல ரெண்டு பேரு நம்ம காலை ஆறு மணி குரூப்பாவே இருப்பாங்க.

நான் இருபத்தேழுன்னு சொல்லுவேன். ரெண்டு வருஷமா அதத்தான் சொன்னேன். ஏன் இருபத்தேழுன்னு யாராச்சும் திருப்பி கேட்டிருந்தா என்கிட்ட பதிலே இல்ல. குரூப்புல மாப்ள ஒருத்தன் இருக்கான், எனக்கு டபுள்ஸ் பார்ட்னர், அவன் இருபத்தெட்டு. இன்னொரு டாக்டர் இருக்காரு, அவரு இருபத்தாறரை, அந்த அரையில அவ்ளோ அழுத்தம் குடுத்து சொல்லுவாரு. இதுக்கு நடுவுல இருபத்தேழுங்கறது பணிவாவும் இருக்கு, கௌரவமாவும் இருக்கு, அவ்ளோதான் லாஜிக்கு. நாப்பத்தொரு வயசு, லேசா தொப்பை, வாரத்துக்கு நாலு நாள் ஆட்டம், ஸ்மாஷ் அடிச்சா எதிர்ல இருக்குறவன் பாதி தடவ சிரிச்சிக்கிட்டே எடுப்பான். இந்த லட்சணத்துக்கு 27.

ஒரு நாள் எனக்கு முன்னாடி ஒரு பையன் நின்னான், பதிமூணு பதினாலு வயசு இருக்கும், அகாடமி டீ-ஷர்ட், கூட அவங்க அப்பா. அண்ணன் கேட்டாரு. பையன் யோசிக்கவே இல்ல, "இருபத்திநாலு, கோச் சொன்னாரு"ன்னான். நான் மனசுக்குள்ள பாவம் சின்ன பையன்னு நெனச்சேன். அந்த பையன் கூட அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சிங்கிள்ஸ் ஆட வேண்டி வந்துச்சு. 21-6. அந்த ஆறும் அவன் அப்பா வெளிய நின்னு போன் பேசுன நேரத்துல அவன் வெளையாட்டா வெளிய அடிச்சது.

ஏணி போட்டு வச்சது யாரு

இந்த நம்பர் மோகம் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சா எனக்கு முதல்ல கோவம் வர்றது அந்த சார்ட்டு மேலதான். எங்க தேடுனாலும் ஏதோ ஒரு வடிவத்துல அது இருக்கும், புதுசா ஆடுறவங்களுக்கு 20-லேருந்து 22, நடுத்தரம் 23-லேருந்து 25, நல்லா ஆடுறவங்களுக்கு 26-க்கு மேல. இதுல சொல்ற விஷயம் தப்பில்ல. ஆனா இத படிக்கிறவன் என்ன பண்ணுவான்? எட்டு வருஷமா ஷூவும் காக்கும் (அதான், எறகு பந்து) கோர்ட்டு வாடகையுமா காசு செலவு பண்ணிட்டு, போய் நின்னு "எனக்கு புதுசா ஆடுறவங்க லெவல்ல போடுங்க"ன்னு எவன் சொல்லுவான். பிளஸ் டூ மார்க்கு மாதிரி ஆக்கிட்டாங்க. பவுண்டுங்கறது நரம்ப எவ்ளோ இழுத்து கட்டணும்ங்கற ஒரு அளவு, செருப்பு சைஸ் மாதிரி. பெரிய சைஸ் செருப்பு போட்டா பெரிய மனுஷன் ஆயிருவோமா.

அப்புறம் டிவில ஆடுறவங்க. பெரிய போட்டியில ஆடுற ஆம்பளைங்க 30-ஐ ஒட்டி போடுறாங்க, சில பேரு அதையும் தாண்டி. அது அவங்களுக்கு வேணும். நம்ம இந்திய டபுள்ஸ் ஆட்டக்காரர் சாத்விக் 2023 ஏப்ரல்ல ஜப்பான்ல வச்சு அடிச்ச ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர்னு கின்னஸ்ல ஏறுச்சு, அதுக்கு முன்னாடி மலேசியாவோட டான் பூன் ஹியோங் 2013-ல அடிச்ச 493 தான் பத்து வருஷமா நின்னுச்சு. அந்த மாதிரி கை வேகம் இருக்குறவனுக்கு பவர் கட்ஸ்லேருந்து வர வேண்டியதில்ல, தோள்லயும் மணிக்கட்டுலயும் ஏற்கனவே இருக்கு, அவனுக்கு தேவை காக் நெனச்ச எடத்துக்கு போகணும். டைட்டான கட்ஸ்ல காக் ஒட்டி நிக்கிற நேரம் கம்மி, தொட்டதும் போயிரும், திசை துல்லியமா இருக்கும். நம்மள மாதிரி ஆளுக்கு கதையே வேற. லூசான கட்ஸ் உள்ள அமுங்கி காக்க திருப்பி எறியும், கயித்துக்கட்டில்ல குதிச்சா தூக்கி விடுற மாதிரி. டைட்டா கட்டுனா அது கட்டில் இல்ல, திண்ணை. திண்ணையில குதிச்சா முட்டிதான் வலிக்கும்.

இன்னொன்னும் இருக்கு, டைட் ஆக ஆக பேட்ல சரியா படுற எடம் சுருங்கும். நடுவுல பட்டா சொர்க்கம், ஒரு விரக்கடை தள்ளி பட்டா மரக்கட்டை. எனக்கு பத்துல மூணு தான் நடுவுல படும்னு வச்சுக்கங்க, மீதி ஏழையும் நான் மரக்கட்டையில அடிச்சிட்டு இருந்தேன், ரெண்டு வருஷம், காசு குடுத்து.

அப்ப அது தெரியல. பேஸ்லைன்லேருந்து, அதாவது கோர்ட்டோட பின்கோட்டுலேருந்து, கிளியர் (ஒசரமா தூக்கி பின்னாடி அடிக்கிறது) அடிச்சா எதிர் பேஸ்லைனுக்கு போகாது, முக்கால் கோர்ட்ல தொப்புன்னு விழும், எதிர்ல நிக்கிறவன் அடிச்சு நொறுக்குவான், மாப்ள என்ன திரும்பி பாப்பான். நான் எல்லாத்தையும் கொற சொன்னேன். காக் ஸ்லோன்னு சொன்னேன், எங்க ஊரு சூட்டுக்கு 76 ஸ்பீடு காக்கு சரியாத்தான் இருந்துச்சு. பேட் வெயிட்டு பத்தலன்னு 4யூ-லேருந்து 3யூ மாத்துனேன், அஞ்சு கிராம் கூடுனதுல தோள் தான் சீக்கிரம் சோந்துச்சு. ஷெட்டுக்குள்ள காத்து அடிக்குதுன்னு கூட சொன்னேன், தகர ஷெட்டு, எல்லா பக்கமும் அடச்சிருக்கு. முழங்கையோட வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிச்சது, பிசியோ டென்னிஸ் எல்போன்னாரு, நான் என்னைக்கு டென்னிஸ் ஆடுனேன்னு கேட்டேன். அந்த வலிக்கு கட்ஸ் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், என் பேக்ஹேண்டு லேட்டு, கிரிப்ப கழுத்த நெறிக்கிற மாதிரி புடிக்கிறது, எல்லாம் சேந்துதான். ஆனா ஒவ்வொரு அடிக்கும் அதிர்ச்சி கைக்கு ஏறுனது நெஜம்.

ஷட்டவுன் நாள்

போன வருஷம் ஜூலைன்னு நெனைக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில ஆட்டத்துல கட்ஸ் போச்சு, ஃப்ரேம் ஓரத்துல பட்டு டொப்புன்னு. ரெண்டாவது பேட்லயும் முந்தின வாரமே போயிருந்துச்சு, சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். சனிக்கிழமை எங்க அப்பார்ட்மெண்டுகளுக்குள்ள ஒரு டோர்னமெண்ட், தண்ணி பாட்டில் தான் பரிசு, ஆனாலும் டோர்னமெண்ட். மத்தியானம் ஆபீஸ்லேருந்து ஓடுனேன் கடைக்கு. அண்ணன் மெஷின் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டு இருக்காரு. "இன்னிக்கு மாசாந்திர ஷட்டவுன்ணே, கரண்டு அஞ்சு மணிக்கு மேலதான்". எனக்கு அஞ்சு மணிக்கு மீட்டிங். நான் நின்ன நெலமைய பாத்துட்டு அவரு ஸ்டூலுக்கு அடியில இருந்த சாக்க எடுத்து ஒதறுனாரு, உள்ள ஒரு பழைய மெஷின், கையால சுத்துறது. "நான் தொழில் கத்துக்கிட்டது இதுலதான், அவசரம்னா இதுல போட்டு தரேன்"ன்னாரு. கேள்வியும் வந்துச்சு. இருபத்தேழுன்னேன்.

முக்கா மணி நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். அதுவரைக்கும் நான் பேட்ட குடுத்துட்டு போயி மறுநாள் வாங்குற ஆளு, முழுசா பாத்ததே இல்ல. பத்து மீட்டர் கட்ஸ், நெடுக்க இருபத்திரண்டு கோடு முதல்ல, நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் மாறி மாறி. ஒவ்வொன்னையும் மெஷின்ல மாட்டி கைப்புடிய சுத்துவாரு, டக்குன்னு ஒரு சத்தம் வந்து லாக் ஆகும், இழுத்தது நழுவாம இருக்க கிளாம்ப் போடுவாரு, அடுத்தது. அப்புறம் குறுக்க, ஒன்னு மேல ஒன்னு கீழன்னு கூடை பின்ற மாதிரி, விரல் நுனி மரத்துப்போன ஆளுதான் அத செய்ய முடியும். குறுக்க ஒன்னு ரெண்டு பவுண்டு கூட்டி போட்டாத்தான் ஃப்ரேம் வடிவம் கெடாம நிக்கும்னு பேசிக்கிட்டே பின்னுனாரு. கரண்டு இல்லாத கடையில அந்த டக் டக் சத்தம் மட்டும் கேட்டுச்சு, எனக்கு வியர்த்து கொட்டுது, ஆனா போகவும் மனசு வரல.

மறுநாள் காலையில வார்ம்-அப்ல முதல் கிளியர் அடிச்சேன், வெளிய போயிருச்சு. பேஸ்லைன தாண்டி ஒரு அடி. மாப்ள "என்னடா"ன்னான். எனக்கும் புரியல. அடுத்ததும் வெளிய. ரெண்டு வருஷமா எட்டாத கோட்ட நான் தாண்டிக்கிட்டு இருக்கேன். பத்து நிமிஷத்துல கை தானா அடக்கி அடிக்க பழகுச்சு, அதுக்கப்புறம் அன்னிக்கு நான் ஆடுன ஆட்டம் இருக்கே, அத நானே சொல்லிக்கக் கூடாது. செமியில தோத்தோம், அது மாப்ள சர்வீஸ்னால. முழங்கை மட்டும் சாயங்காலம் வழக்கமா வலிக்கிற மாதிரி வலிக்கல.

அடுத்த வாரம் கடைக்கு போயி சொன்னேன், அண்ணே அதே இருபத்தேழு தான், ஆனா இந்த தடவ என்னமோ பண்ணிருக்கீங்கன்னு. அவரு சிரிச்சாரு. "அந்த மெஷின் இருபத்தேழும் இந்த மெஷின் இருபத்தேழும் ஒன்னாண்ணே?" அப்புறம் வெளக்குனாரு, எனக்கு அது சுருக்குன்னு தச்சுச்சு. கைமெஷின் 27 வந்ததும் லாக் ஆயி நின்னுரும், ஆனா நைலான் நிக்காது, இழுத்த எடத்துலேருந்து கொஞ்சம் நீண்டு குடுக்கும், கிளாம்ப் போடுறதுக்குள்ளயே பவுண்டு எறங்கிரும். கரண்டு மெஷின் அப்படி விடாது, கட்ஸ் நீள நீள அது தொடந்து இழுத்து 27-லயே புடிச்சு வச்சிருக்கும். அதனால ஒரே நம்பர் சொன்னாலும் ரெண்டு பேட்டும் வேற வேற. அதுல இவரு பழைய மெஷினோட ஸ்பிரிங்கும் சோந்து போனது. "நீங்க ஆடுனது ஒரு இருபத்திநாலு இருக்கும்ணே"ன்னாரு.

இருபத்திநாலு. அந்த பையனோட நம்பர்.

எனக்கு சந்தோஷம் வந்திருக்கணும், வந்தது எரிச்சல். ரெண்டு வருஷமா நான் கூட்டத்துல நெஞ்ச நிமித்தி சொன்ன நம்பருக்கு உருப்படியா ஒரு அர்த்தமே இல்லயா? போட்ட முதல் நாள்லயே கட்ஸ் நல்லா எறங்கும், அதுக்கப்புறம் ஆட ஆட எறங்கிக்கிட்டே இருக்கும். நான் மூணு மாசம் ஆடுன 27 கடைசி வாரத்துல எத்தனையா இருந்திருக்கும்? யோசிச்சு பாத்தா கட்ஸ் அறுந்து போறதுக்கு முன்னாடி வாரங்கள்ல தான் நான் எப்பவும் கொஞ்சம் நல்லா ஆடிருக்கேன், அத நான் ஃபார்முக்கு வந்துட்டேன்னு நெனச்சிருக்கேன். புது கட்டிங் போட்டதும் ஃபார்ம் போயிரும், லீவு போட்டதுனாலன்னு நெனச்சிருக்கேன். அதுவும் வெயில் காலத்துல பேக்க கார் டிக்கியில போட்டுட்டு ஆபீஸ்ல உக்காந்திருப்பேன், மதுரை மே மாச வெயில்ல மூடுன கார் டிக்கி, நைலான் என்ன பாடு பட்டிருக்கும்.

எங்க அப்பா பூப்பந்து ஆடுனவரு. தஞ்சாவூர்ல பொறந்த ஆட்டம், மஞ்ச கம்பளி பந்து, ஒரு பக்கம் அஞ்சு பேரு, வெட்டவெளி. அவரோட மரப்பேட்டு எங்க வீட்டு பரண்ல பிரஸ்ஸுக்குள்ள ரொம்ப நாள் கெடந்துச்சு, மரம் வளையாம இருக்க நாலு மூலையிலயும் திருகாணி போட்ட சட்டம், சின்ன வயசுல அத ஏதோ பூட்டுன்னு நெனச்சிருக்கேன். ஆடப் போறதுக்கு முன்னாடி அவரு கட்டைவிரலால நடுவுல அமுக்கி பாப்பாரு, ரெண்டு தட்டு தட்டி காதுல வச்சு கேப்பாரு, போதும்னு கெளம்பிருவாரு. மழைக்காலத்துல தொங்கிப்போயிரும்னு திட்டுவாரு. பவுண்டுங்கற வார்த்தைய அவரு வாயில நான் கேட்டதே இல்ல.

"அதே மாதிரி போடுங்க"

உண்ம தெரிஞ்சதும் மனுஷன் திருந்திருவான்னு நெனச்சா தப்பு. அடுத்த தடவ கடைக்கு போனப்ப கூட்டம், டாக்டரும் இருந்தாரு. கேள்வி வந்துச்சு. இருபத்திநாலுங்கற வார்த்தை தொண்டையில நின்னுருச்சு. கட்ஸ் வாங்க கட்ஸ் வேணும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. "அன்னிக்கு போட்டீங்கல்ல, அதே மாதிரி போடுங்கண்ணே"ன்னு மெதுவா சொன்னேன். அண்ணன் மாஸ்கிங் டேப்ப கிழிச்சு எழுதிக்கிட்டே தெரு முனை வரைக்கும் கேக்குற மாதிரி, "இருபத்திநாலு தானண்ணே?" டாக்டர் திரும்பி பாத்தாரு. முழங்கை வலின்னு சொன்னேன். அவரு உடனே டாக்டர் ஆயிட்டாரு, நல்லவேள.

அதுலேருந்து நான் 24-லதான் இருக்கேன், கரண்டு மெஷின்லயே. மாப்ளய மட்டும் சும்மா விடல. என்கிட்ட இருக்குற ரெண்டு பேட்டும் ஒரே மாடல், ஒன்னுல பிஜி 65ங்கற கட்ஸ் போட்டு 27, இன்னொன்னுல பிஜி 66 அல்டிமாக்ஸ் போட்டு 24. முதலாவது 0.70 மில்லிமீட்டர் கனம், சீக்கிரம் அறுகாது, நம்ம ஊர்ல பாதி பேட்ல அதுதான் இருக்கும். ரெண்டாவது 0.65, மெலிசு, அடிச்சா கணீர்னு சத்தம். எதுவும் சொல்லாம ரெண்டையும் அவன் கையில குடுத்தேன், எது டைட்டுன்னு கேட்டேன். அவன் ரெண்டு பேட்டையும் உள்ளங்கையில தட்டி பாத்தான், பத்து ஷாட் அடிச்சான், அடிச்சு சொன்னான் மெலிசு தான் டைட்டுன்னு. சத்தம் அவன ஏமாத்திருச்சு. நான் நம்பர சொன்னதும் அண்ணன் எழுதி குடுத்த டேப்பு மாறிருக்கும்னான். இப்பவும் 28 தான் போடுறான். அவனுக்கு கை வேகம் என்ன விட அதிகம், அவனுக்கு 28 சரியாவும் இருக்கலாம், அத நான் ஒத்துக்கணும், ஆனா அவன்கிட்ட ஒத்துக்க மாட்டேன்.

ஒன்னு மட்டும் நடைமுறையா சொல்லிர்றேன், ஏன்னா இத சொல்லாம ரெண்டு பேரோட ஃப்ரேம் கோணிக்கிட்டு போனத பாத்திருக்கேன். டைட்டா போட்டிருக்கீங்க, ஒரு கோடு அறுந்துருச்சுன்னா, சாயங்காலம் பாத்துக்கலாம்னு பேக்குக்குள்ள வைக்காதீங்க. கத்தரிய எடுத்து நடுவுலேருந்து வெளிப்பக்கமா மீதி எல்லாத்தையும் அங்கயே வெட்டி விட்ருங்க. ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு ஒரு பக்கம் விட்டுட்டா ஃப்ரேமால தாங்க முடியாது. அப்புறம் பேட்டோட கைப்புடிக்கு மேல கோன் இருக்குல்ல, அதுல கம்பெனிக்காரன் 20-லேருந்து 28 அப்படின்னு எழுத்து பொடிசா அடிச்சிருப்பான், அத தாண்டி போட்டு ஒடஞ்சா வாரண்டி கெடையாது. ரெண்டு வருஷமா கையில வச்சிருந்த பேட்ல அத நான் படிச்சது போன வருஷம்தான்.

இப்ப எனக்கு வேற ஒரு வியாதி வந்திருக்கு. டிசம்பர்ல காலையில ஆறு மணிக்கு ஷெட்டுக்குள்ள கொஞ்சம் குளிர் இருக்குல்ல, அப்ப அதே 24 லேசா எறுகின மாதிரி தெரியுது, பிளாஸ்டிக் காக்ல ஆடுற நாள்ல இன்னும் ஜாஸ்தி. அதனால குளிருக்கு ஒரு பேட்டு 23, வெயிலுக்கு ஒரு பேட்டு 24ன்னு வச்சேன். அப்புறம் நெடுக்க 23 குறுக்க 24 போட்டா என்னன்னு தோணுச்சு. அண்ணன்கிட்ட இருபத்திமூணரைன்னு போயி சொன்னா அவரு மெஷின் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி என்ன ஒரு பார்வ பாக்குறாரு. டாக்டரோட அந்த அரைய இவ்ளோ நாள் கிண்டல் பண்ணேன். இருநூறு மீட்டர் ரோலு வாங்கிட்டா இருபது பேட்டுக்கு வரும், செட்டு செட்டா வாங்குறத விட லாபம்னு கணக்கு போட்டு ஒன்னு ஆர்டர் பண்ணிருக்கேன், ஆபீஸ் அட்ரஸுக்கு. நாளைக்கு வருது. வீட்ல இன்னும் சொல்லல.